ஒரு ஆள் மெஷின், இரண்டு ஆள் மெஷின்

பிளைவுட் ஷீட் அறுக்கிற மெஷினில் இரண்டு வகை. டேபிள் சா என்றால் ரம்பம் மேசைக்குள் ஒரே இடத்தில் நிற்கும், ஷீட்டை நாம்தான் தள்ள வேண்டும். ட்ராக் சா என்றால் ஷீட் அசையாமல் கிடக்கும். அதன் மேல் அலுமினியத் தண்டவாளம் ஒன்றை வைத்து, ரம்பத்தை அதில் ஓட்ட வேண்டும். முதலாவதுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் தள்ள, இன்னொருவன் அந்தப் பக்கம் நின்று வாங்க. இரண்டாவதுக்கு ஒரு ஆள் போதும்.

என்னிடம் ஒன்று வாங்கத்தான் வழி இருந்தது.

என்னோடு வேலை செய்தவன் என் மனைவியின் தம்பி. அப்போது அவன் வலது கையில் மூன்று விரல். டேபிள் சா வாங்கினால் அவனுக்கு இடம் இருக்கும். ட்ராக் சா வாங்கினால் இருக்காது. இதை அவனும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு ஊர் சாமராஜநகர் மாவட்டத்தில் ஹனூர் பக்கம். நான் முதலில் மைசூர் வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆன மறுவருடம் அவன் வந்தான். பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். கிச்சன், வார்ட்ரோப், டிவி சுவருக்கு அடிக்கிற பலகை. மைசூரிலேயே விஜயநகர் ஏரியாவில் பாதி வேலை. ரிட்டையர்டு ஆனவர்கள் வீடு கட்டுவார்கள், அல்லது மகன் அனுப்பிய காசில் பழைய வீட்டை மாற்றுவார்கள். அளவு எடுப்பது நான். திருகு, கீல், டிராயர் எல்லாம் அவன். அவன் மாட்டின கதவு சத்தம் போடாது.

அதுவரை எங்களிடம் கடையில் வாங்கின டேபிள் சா கிடையாது. சைட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பழைய கதவு ஒன்றை இரண்டு ஸ்டூலின் மேல் போடுவது. நடுவில் ஒரு கீறல் வெட்டுவது. கையில் பிடித்து அறுக்கிற ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கதவுக்கு அடியில் திருகி விடுவது. பிளேடு கீறல் வழியாக மேலே வரும். பிளேடை மூடுகிற தகடு இடைஞ்சல் என்று முதல் நாளே கழற்றியாகிவிட்டது. சுவிட்சை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்பதால் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவோம். சுவரில் இருக்கிற பிளக்கைப் போட்டால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். ஊரில் பாதிப் பேர் சமையல் அலமாரி இப்படி அறுத்ததுதான். எல்லாரும் செய்வதால் பயம் வரவில்லை.

தள்ளுகிறவன் அவன். வாங்குகிறவன் நான். பிளேடு ஓடும்போது பேச்சு காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஷீட் முடியப் போகிற இடத்தில் அவன் தலையை ஆட்டி "ம்" என்பான். அப்போதுதான் நான் இழுக்க வேண்டும். அதுவரை கீழே விழாமல் தாங்கிக்கொண்டு நின்றால் போதும். பதினோரு வருடமாக அப்படித்தான்.

அன்றைக்கு விஜயநகரில் ஒரு மாடி வீடு. மத்தியானம் மூன்று மணி. கிருஹப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருந்தது. வீட்டுக்காரர் கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ஷீட்டில் ஈரம் இருந்திருக்க வேண்டும். அறுத்த வாய் மூடிக்கொண்டே வந்தது. பிளேடு முனகியது. அந்த மாதிரி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, அறுத்த இடத்தில் ஒரு ஆப்பு செருகி, மறுபடி ஓட்ட வேண்டும். எனக்குத் தெரியும். இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அவன் ம் சொல்லவில்லை. நான் இழுத்தேன்.

ஷீட் கோணலாகத் திரும்பியது. பிளேடு அதைக் கடித்து அவன் பக்கம் எறிந்தது. தள்ளிக்கொண்டிருந்த கைக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல் போயிற்று. கை நேரே போனது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் சத்தம் போடவில்லை. கையை மார்போடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "மாமா, ஷீட்டு கெட்டுப்போச்சுங்களா" என்று கேட்டான்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மரத்தூளில் தேடி எடுத்தேன். ஒன்று முழுசாக இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஃபிரிட்ஜில் இருந்து ஐஸ் கொடுத்தார். விரல்களை ஐஸோடு ஒரு கவரில் போட்டு ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கவரைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். கத்தி வெட்டு என்றால் ஒட்டலாம், இது பல் வைத்த பிளேடு, நடுவில் இருந்ததைத் தின்றுவிட்டது என்றார்.

என் மனைவி வந்து கேட்டபோது அவன் சொன்னான், "வேற எங்கியோ நெனப்பா இருந்துட்டன் அக்கா. என் தப்புதான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நான்கு மாதம் அவன் வீட்டில் இருந்தான். அவன் பெண்டாட்டி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாள். இரண்டு பெண் குழந்தைகள். நான் ஷீட்டைப் பிளைவுட் கடையிலேயே அறுத்து வாங்கி வேலையை ஓட்டினேன். அளவு ஒன்று தப்பினால் ஒரு நாள் போய்விடும். அந்தப் பழைய கதவை ஷெட்டுக்குப் பின்னால் கிடத்தியிருந்தேன். பக்கத்து வீட்டில் வெந்நீர் அடுப்புக்குக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை அவன் ஷெட்டுக்கு வந்து நின்றான். பென்சிலை இடது காதில் செருகியிருந்தான். முன்பெல்லாம் வலது காது.

"என்ன மாப்ள?"

"என்னங் மாமா, வேலைக்கு வந்தா என்னன்னு கேக்கறீங்."

"கை?"

"கை கூடத்தான் வந்திருக்குது. தனியா வுட்டுட்டு வரல."

திருகு போடும் மெஷினை இடது கையில் பிடித்தான். முதல் நாள் பன்னிரண்டு திருகு கோணலாகப் போனது. ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி போட்டான். நான் பார்க்காதது போல வேறு வேலை செய்தேன். ஒரு மாதத்தில் கதவு மாட்ட ஆரம்பித்தான். முன்பைப்போல வேகம் இல்லை. ஆனால் கதவு சத்தம் போடவில்லை.

அப்போதுதான் மெஷின் பேச்சு வந்தது. கடையில் அறுத்து வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. தலைகீழ் ரம்பத்தை மறுபடி கட்ட எனக்கு மனசில்லை. ஒழுங்கான மெஷின் ஒன்று வாங்குவது என்று முடிவு.

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"ஏனுங்க, எந்த மெஷின வேணாலும் வாங்குங்க. என் தம்பிய அது முன்னாடி நிறுத்தாதீங்க."

"நிக்காம என்ன பண்ணுவான்?"

"அது எனக்குத் தெரியாது. மிச்சம் எட்டு வெரலு இருக்குது. அத்தனையும் அவனுக்கு வேணும்."

நானும் அவனும் மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். மெஷின் கடை ஒரு சந்துக்குள். ஸ்கூட்டர்கள் நிற்கிற இடுக்கில் உடம்பைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் பாதி கன்னடம், பாதி தமிழ். இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"நோடி இல்லி, இங்க பாருங்க. டேபிள் சா ராஜா மாதிரி. உக்காந்த எடத்த விட்டு நகராது. எல்லாரும் அதுகிட்ட வரணும்." பிறகு ட்ராக் சாவின் பெட்டியைத் தட்டினார். "இது போஸ்ட்மேன். வீடு வீடா நீங்களே எடுத்துட்டுப் போலாம்."

"போஸ்ட்மேனுக்கு ராஜாவ விட வெல ஜாஸ்தி சொல்றீங்களே" என்றான் மச்சினன்.

"சைக்கிளு, பை, தொப்பி எல்லாம் சேத்தி ஸ்வாமி."

அவர் சொன்னது சரி. ட்ராக் சா தனியாக வராது. தண்டவாளம் இரண்டு துண்டு, சேர்த்தால் எட்டடிக்கு மேல். பிடித்துக்கொள்ள கிளாம்பு. மடக்குகிற மேசை, அதில் வரிசையாக ஓட்டை. ஒரே அகலத்தில் பத்துத் துண்டு வேண்டுமென்றால் அளவு வைக்கிற கம்பி. தூசி இழுக்க ஒரு வேக்யூம். ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ரம்பத்தைக் கையால் அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். கையை எடுத்தால் உள்ளே போய்விடும். கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். மைக்கா ஒட்டின பலகையின் ஓரம் ஒரு பொடி உதிரவில்லை. பிளேடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

டேபிள் சாவிலும் மூடி இருந்தது. பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு இருந்தது, அறுத்த வாய் மூடாமல் பார்த்துக்கொள்ள. அந்தத் தகடு எங்கள் கதவு மேசையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன். இருந்திருந்தால் கழற்றியிருப்போம்.

மச்சினன் டேபிள் சாவின் மேல் கையை வைத்துத் தடவினான். வலது கையை. கடைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு டேபிள் சாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"பேசுங்கண்ணா" என்றான் மச்சினன். "மெஷினுக்குக் கண்ணு கெடையாது. ஏற்கெனவே தின்ன கைன்னு அதுக்குத் தெரியவா போகுது."

அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். அவன் கிளாஸைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் பிடிப்பான். சூடு தாங்காமல் அடிக்கடி கீழே வைப்பான்.

"டேபிள் சா எடுத்துக்கலாம் மாமா. ஒரு நாளைக்கு முப்பது ஷீட்டு அறுக்கலாம். அது ஒவ்வொண்ணுக்கும் தண்டவாளத்த வெச்சு, கிளாம்பு போட்டு, பாத்து, ஓட்டி, எப்ப முடியறது?"

"ஷெட்டுல எடம் பத்தாது."

"அளந்தீங்களா?"

அளக்கவில்லை. மறுநாள் அளந்தோம். ஷெட் நீளம் பதினெட்டு அடி. எட்டடி ஷீட் மேசைக்கு முன்னால் எட்டடி கேட்கும், தாண்டி எட்டடி கேட்கும். நடுவில் மேசை மூன்றடி. பத்தொன்பது. ஒரு அடி குறைந்தது.

எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அதை முகத்தில் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் டேப்பைத் தரையில் விட்டுவிட்டுப் பின்பக்கத் தகரச் சுவரைப் போய்த் தட்டினான்.

"இங்க ஒரு ஓட்ட போட்டா போதும் மாமா. அகலமா, ஒசரம் கம்மியா. ஷீட்டு வெளிய போயி நிக்கும்."

"வெளிய யாரு நிப்பா?"

"நான் நிக்கறன்."

"மழ வந்தா?"

"கொட புடிச்சுக்கறன்."

"ஒரு கையில கொட, ஒரு கையில ஷீட்டா?"

"அப்ப நீங்க கொட புடிங்க, எங்க அக்கா ஷீட்டு தள்ளட்டும்." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான், "நெசமாத்தான் சொல்றன். நான் பிளேடு பக்கமே வர்ல. நீங்க முன்னாடி நின்னு தள்ளுங்க. நான் பின்னாடி நின்னு இழுக்கறன்."

நான் திரும்பி மேசை வரவேண்டிய இடத்தைப் பார்த்தேன்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவன் அக்கா கேட்டதும் அதுதான், அவன் பிளேடு முன்னால் நிற்கக் கூடாது. பின்னால் நிற்கிறேன் என்கிறான். ஓட்டை போட்டால் இடமும் சரியாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தது. நான் பிளேடு முன்னால் நிற்க வேண்டும், அது ஒன்றுதான். அவன் கையில் ஷீட்டின் மறுமுனையைக் கொடுத்துவிட்டு நான் நிற்க வேண்டும். என் பத்து விரலும் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"ஏன் மாமா, நான் இழுத்தா நம்பிக்க இல்லியா?"

"அதில்ல மாப்ள."

"அப்பறம் என்னங்க?"

"அன்னிக்கு நீ ம் சொல்லல. நான்தான் முன்னாடியே இழுத்துட்டேன்."

அவன் டேப்பைச் சுருட்டினான். அது உள்ளே போய் முட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியுமுங்."

"தெரியுமா?"

"என் கைதான அது. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்."

"உங்க அக்காகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா வெரலு மொளைக்குமா. அவளுக்கு ஒரு புருசன்தான் இருக்கறாரு." டேப்பைப் பையில் போட்டான். "அத வுடுங்க. மெஷின் சமாச்சாரத்துக்கு வாங்க."

மன்னித்துவிடு என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. டீ குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போய் ட்ராக் சா வாங்கினேன்.

அவனிடம் சொல்லாமல் போனேன். ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கும்போது அவன் ஷெட் வாசலில் நின்றிருந்தான். பெட்டியின் மேல் படம் இருந்தது. பார்த்தான். ஒரு பக்கம் பிடித்து இறக்கினான்.

பெட்டியைப் பிரித்தவனும் அவன்தான். தண்டவாளம் இரண்டையும் சேர்த்து, நூல் கட்டிப் பார்த்தான். நடுவில் ஒரு மயிரிழை வளைவு. திருகைத் தளர்த்தி மறுபடி சேர்த்தான். பிளேடு எவ்வளவு இறங்க வேண்டும் என்று வைத்துக் கொடுத்தான். முதல் ஷீட்டை என்னை அறுக்கச் சொன்னான். வெண்ணெய் மாதிரி போயிற்று. தூசி இல்லை. சத்தமும் கம்மி.

"நல்ல மெஷினுதான்" என்றான்.

அந்த வாரம் முழுக்க நான் அறுத்தேன். அவன் வேக்யூம் குழாய் தண்டவாளத்தில் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். அதற்கு ஆள் தேவையில்லை. குழாயை மேலே தொங்கவிட மெஷினோடு ஒரு கொக்கி கொடுத்திருந்தார்கள். அதைப் பெட்டியிலேயே விட்டிருந்தேன். கதவு மாட்டுகிற வேலை அந்த மாதம் குறைவு. அவன் பெருக்கினான். பெருக்கின இடத்தை மறுபடி பெருக்கினான்.

ஒன்பதாம் நாள் கொக்கி உத்தரத்தில் மாட்டியிருந்தது. குழாய் அதில் தொங்கியது. அவன்தான் மாட்டியிருந்தான்.

"மாமா, நாளைக்கு நான் வர்லீங்க."

"ஏன், எங்க போற?"

"எங்கியும் போலீங்க. இங்க வர்ல, அவ்ளோதான்."

"உனக்கு இங்க என்ன கொற? கூலி தர்றேன்ல?"

"எதுக்குத் தர்றீங்க? கொழா புடிக்கறதுக்கா?"

"கதவு வேல வருது. அடுத்த மாசம் ரெண்டு வீடு."

"வந்தா கூப்புடுங்க." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். அது என்னுடைய பென்சில். "அன்னிக்கு இழுத்தீங்க. செரி. கை தவறிப்போச்சு. இது கை தவறி நடந்தது இல்லீங் மாமா."

போய்விட்டான். நான் பாதியில் நின்ற ஷீட்டை அறுத்து முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவன் இத்தன நாளு சொல்லாம வெச்சிருந்தான். நீங்களும் வெச்சிருந்திருக்கலாம்."

"உனக்குத் தெரியணும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சு நான் என்ன பண்ணட்டும்? இனி உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் ஞாபகம் வரும்." தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சோறு வழக்கம்போலப் போட்டாள். இன்றைக்கும் போடுகிறாள்.

அடுத்த மாதம் கதவு வேலைக்கு அவனைக் கூப்பிட்டேன். போனை எடுக்கவில்லை. சாமராஜநகரில் யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று அவன் பெண்டாட்டி என் மனைவியிடம் சொன்னாள். பிறகு அதுவும் சரிவரவில்லை என்றாள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

ட்ராக் சா நல்ல மெஷின். அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் வீட்டிலேயே வைத்து அறுக்கலாம். மாடிக்குத் தனியாகத் தூக்கிப் போகலாம். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பட்டி.

கிச்சன் பெட்டிகளுக்கு முன்னால், சுவரை ஒட்டி, கூரையை ஒட்டி, ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குல அகலத்தில் நீளப் பட்டிகள் நிறைய வேண்டும். ட்ராக் சாவில் தண்டவாளம் ஷீட்டின் மேல் உட்கார வேண்டும். இரண்டு அங்குலப் பட்டியின் மேல் அது உட்காராது, ஆடும். கீழே முட்டுக் கொடுத்து, கிளாம்பு போட்டு, ஒவ்வொன்றாக அறுத்தால் ஒரு பட்டிக்குக் கால் மணி நேரம். எட்டடியில் ஒரு நூல் அளவு கூடக்குறைய வந்துவிடுகிறது. டேபிள் சாவில் இது ஒன்றுமே இல்லாத வேலை. அளவை வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஆனால் பிளேடுக்கும் அளவுக்காகப் பக்கத்தில் வைக்கிற கட்டைக்கும் நடுவில் இரண்டு அங்குலம்தான். தள்ளுகிற கை அதற்குள் போய் வர வேண்டும். விரல் போகிறவர்களுக்கு அதிகம் போவது பட்டி அறுக்கும்போதுதான்.

மண்டி மொஹல்லாவில் கூலிக்கு அறுத்துக் கொடுக்கிற கடை இருக்கிறது என்று பிளைவுட் கடையில் சொன்னார்கள். ஒரு அடி அகலப் பலகைகள் ஆறு, ஆட்டோவின் மேலே கட்டிக்கொண்டு போனேன்.

கடை நீளமாக, இருட்டாக இருந்தது. உள்ளே பெரிய டேபிள் சா. மூடியை மேலே தூக்கி நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். முதலாளி பலகையைப் பார்த்தார், அளவைக் கேட்டார், உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"எண்டு, பாரோ இல்லி."

கன்னடத்தில் எண்டு என்றால் எட்டு. வா இங்கே என்கிறார். யாரையோ ஏதோ கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து என் மச்சினன் வந்தான். தலை, புருவம் எல்லாம் மரத்தூள்.

"வாங்க மாமா" என்றான், வீட்டு வாசலில் நின்று சொல்வது போல. "என்ன அளவு?"

"ரெண்டு அங்குலம்."

"எத்தன?"

"முப்பது."

"செரி."

முதலாளி என்னைப் பார்த்தார். "உங்க ஆளா? பட்டிக்கு இவரு மாதிரி ஆள் இல்ல. மத்தவங்க பயப்படறாங்க. இவருக்குப் பயம் போயிடுச்சு."

மறுமுனையில் ஒரு ஆள் வந்து நின்றான். பீகார் பக்கம் போலிருந்தது. வாயில் பாக்கு. அவனுக்கும் இவனுக்கும் பொதுவான பாஷை ஒன்றும் இல்லை. மெஷின் ஓடியது. மச்சினன் கட்டைவிரலாலும் மிச்சமிருந்த இரண்டு விரலாலும் தள்ளினான். கை பிளேடு வரை போயிற்று, அதைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது. நான் இரண்டு பட்டி வரை பார்த்தேன்.

மெஷினை நிறுத்தின இடைவெளியில் பக்கத்தில் போனேன்.

"ஷெட்டுக்கு வந்துரு மாப்ள. டேபிள் சாவும் வாங்கிடறேன். தகரத்துல ஓட்ட போட்டுக்கலாம்."

"எப்ப வாங்குவீங்க?"

கையில் காசு இல்லை. ட்ராக் சா செட்டுக்கே எல்லாம் போட்டாகிவிட்டது.

"வாங்குனா சொல்லுங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

ஷெட்டில் ஒரு தள்ளுக்கட்டை செய்தேன். முனையில் சின்ன வாய் வெட்டி, பிடிக்கிற இடத்தை மூன்று விரலுக்கு ஏற்றபடி தேய்த்தேன். கை பிளேடு பக்கம் போகாமல் அதை வைத்துத் தள்ளலாம். அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தான். சரியாக இருக்குது என்றான். நான் நிற்கும் வரை அதை வைத்துத்தான் தள்ளினான். அதற்கு அடுத்த வாரம் போனபோது அது சுவரில் ஆணியில் தொங்கியது. அதை வைத்துத் தள்ளினால் நேரம் ஆகிறது என்று முதலாளி சொன்னாராம்.

என் மனைவிக்கு அவன் அங்கே இருப்பது தெரியும். என்ன மெஷின் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு மெஷினைப் பற்றி அவள் என்னிடம் பேசுவதில்லை.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஒரு முறை போனேன். அங்கே பட்டி கோணலாக வந்தது. அதைவிட, நான் போகாவிட்டால் அவன் அறுக்காமல் இருக்கப் போவதில்லை. வேறு யாருடைய பட்டியையாவது அறுப்பான். போனால் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கவாவது முடிகிறது.

போன வாரமும் போனேன். பலகையை இறக்கி வைத்துவிட்டு வழக்கமான இடத்தில் நின்றேன். அவன் சுவிட்சில் கை வைத்தவன் எடுத்துவிட்டான்.

"மாமா, எதுத்த கடையில போயி டீ சாப்புடுங்க. நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்குது."

போனேன். எதிரே டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். தெருவில் ஆட்டோ சத்தத்துக்கு நடுவிலும் அந்த மெஷின் கேட்கும். மரம் உள்ளே போகும்போது சத்தம் தடிக்கும். வெளியே வந்ததும் மெலியும். ஒரு தடவை தடித்து மெலிந்தால் ஒரு பட்டி. அன்றைக்கு இருபத்திநான்கு பட்டி சொல்லியிருந்தேன். பதினேழு வரை எண்ணியிருந்தேன். மெஷின் நின்றது.

எழுந்து தெருவுக்கு இறங்கினேன். ஒரு ஸ்கூட்டர்காரன் திட்டிவிட்டுப் போனான். கடைக்குள் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது. பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து பதினெட்டிலிருந்து எண்ணினேன்.